வீக்கம் எல்லாம் ஒரே வீக்கம் இல்லை: நர்ஸிங் மாணவர்கள் கேள்வி – பதில்

(வார்டிலும் வகுப்பறையிலுமாக முப்பது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற நர்ஸிங் ஆசிரியை, நோய் வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மாணவர்கள் கேட்டு எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மேடம், அனாட்டமி பிடிக்கிறது, பிசியாலஜியும் ஓரளவு ஓடுகிறது. நோய் வந்தால் உடம்பு எப்படி மாறுகிறது என்கிற பாடம் மட்டும் மண்டையில் நிற்க மாட்டேன் என்கிறது. அறிகுறிகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறேன், வைவாவில் பாதி மறந்துவிடுகிறது. என்ன செய்வது?
– இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்த வரிசையைக் கிழித்துப் போடுங்கள். அறிகுறி என்று நாம் எழுதுவதில் பாதியை நோய் செய்வதே கிடையாது, உடம்புதான் செய்கிறது. அதுவும் புதிதாக எதையும் செய்வதில்லை. தினமும் செய்கிற வேலையையே, சூழ்நிலை மாறியது தெரியாமல் செய்துகொண்டிருக்கிறது.

காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மூளையில் ஹைப்போதலாமஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கிருமி வந்ததும் வெள்ளை அணுக்கள் தகவல் அனுப்ப, அங்கே புரோஸ்டாகிளாண்டின் சுரந்து அந்தக் கணக்கு 37 டிகிரி செல்சியஸிலிருந்து 39-க்கு ஏறிவிடுகிறது. உடம்பு இன்னும் 37-லேயே நிற்கிறது, மூளையோ 39 வேண்டும் என்கிறது, அப்படியென்றால் அதன் கணக்குப்படி உடம்பு குளிர்ந்து கிடக்கிறது. அதனால்தான் நடுக்கம், தோலில் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால் ஜில்லென்று ஆவது, இரண்டு போர்வை கேட்பது எல்லாம். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்ததும் கணக்கு பழையபடி 37-க்கு இறங்குகிறது, இப்போது 39-ல் இருக்கிற உடம்பு அதிகச் சூடாகிவிட்டது, வேர்த்துக் கொட்டுகிறது. இது புரிந்தால் நடுங்கிக்கொண்டிருக்கிறவர் மேல் ஐஸ் தண்ணீர்த் துணியைப் போட மாட்டீர்கள். போட்டால் இன்னும் நடுங்குவார், சூடு ஏறத்தான் செய்யும். எந்த நோய் வந்தாலும் முதலில், 'இந்த உறுப்புக்கு நேற்று வரை என்ன வேலை, இப்போது உடம்பு எதைச் சமாளிக்கப் பார்க்கிறது' என்று கேட்டுப் பாருங்கள். அறிகுறிகள் தானாக வந்து உட்காரும்.

கேள்வி: மெடிக்கல் வார்டு போஸ்டிங்கில் ஒரே வரிசையில் நான்கு பேருக்குக் கால் வீக்கம். ஒருவருக்கு இதயம், ஒருவருக்குக் கிட்னி, ஒருவருக்குக் கல்லீரல், ஒருவருக்கு யானைக்கால். நான்கும் தண்ணீர் சேர்வதுதான் என்றால் நால்வருக்கும் ஏன் லாசிக்ஸ் (சிறுநீரை அதிகம் போக வைக்கிற மருந்து) போடவில்லை என்று கேட்டதற்கு ஸ்டாஃப் சிரித்தார்.
– மூன்றாம் ஆண்டு மாணவர், தஞ்சாவூர்

பதில்: சிரித்திருக்க வேண்டாம், இது நல்ல கேள்வி. நான் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுக்கிற கேள்வியும்கூட.

நுண்குழாய் எனப்படும் கேப்பிலரியை ஓட்டையுள்ள சொட்டுநீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற ரத்த அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, தமனிப் பக்கத்தில் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் (பாதரச அளவு), சிரைப் பக்கத்துக்கு வருவதற்குள் 15. ரத்தத்தில் இருக்கிற புரதம், அதிலும் முக்கியமாக ஆல்புமின், தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது, அதன் இழுவை ஏறக்குறைய 25. ஆக முன்பாதியில் தண்ணீர் வெளியேறுகிறது, பின்பாதியில் திரும்பி வருகிறது, வராமல் மிச்சம் நிற்பதை நிணநீர்க் குழாய்கள் வழித்துக்கொண்டு போய் ரத்தத்தில் சேர்க்கின்றன. இந்தத் தள்ளுமுள்ளுக் கணக்கை ஸ்டார்லிங் என்கிற ஆங்கிலேய உடலியல் அறிஞர் எழுதி வைத்தது 1896-ல். இப்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் வார்டில் நிற்பவருக்கு இது போதும்.

இப்போது உங்கள் நான்கு கட்டிலுக்கு வருவோம். முதல் கட்டிலில் பம்பு பலவீனம். ரத்தம் முன்னால் போகாததால் பின்னால் தேங்குகிறது, சிரைப் பக்கத்து அழுத்தம் 15-க்கு மேலே ஏறுகிறது, தண்ணீர் திரும்பி வர வழியில்லை. இத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கிட்னிக்கு வருகிற ரத்தம் குறைந்ததும், அதற்கு இதயம் கெட்டது எப்படித் தெரியும்? ரத்தம் கொட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்று ஆட்களைக் கிளப்பிவிட்டு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. வெட்டுக்காயத்தில் உயிரைக் காப்பாற்றுகிற அதே ஏற்பாடு, இங்கே ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிற குளத்தில் மேலும் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. லாசிக்ஸ் இங்கே எடுபடுவது அதனால்தான்.

இரண்டாவது கட்டிலில், நெஃப்ரோட்டிக் என்றால், கிட்னி வடிகட்டியில் ஓட்டை பெரிதாகி நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. இழுத்துப் பிடிக்க ஆல்புமின் இல்லை, கிட்னி உப்பையும் பிடித்து வைக்கிறது. சிறுநீர் சோப்பு நுரை போல நிற்கும். குழந்தைகளுக்குக் காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும், அந்த இடத்துச் சதை அவ்வளவு தளர்வு. பூச்சி கடித்துவிட்டது என்று அம்மாக்கள் சொல்வார்கள். மூன்றாவது கட்டிலில் ஆல்புமினைத் தயாரிக்கிற தொழிற்சாலையே, அதாவது கல்லீரலே, தழும்பேறிவிட்டது, கூடவே குடலிலிருந்து வருகிற போர்ட்டல் சிரையில் அழுத்தம், ஆகவே தண்ணீர் முதலில் வயிற்றில் இறங்குகிறது. ஆல்டோஸ்டிரோன் இவருக்கு மிக அதிகம் என்பதால் அதைத் தடுக்கிற ஸ்பைரனோலாக்டோனைத்தான் டாக்டர் முதலில் எழுதுவார், லாசிக்ஸ் கூட வரும்.

நான்காவது கட்டிலில் சாக்கடையே அடைத்துக்கொண்டது. ஃபைலேரியா புழு நிணநீர்க் குழாயைக் கெடுத்துவிட்டது. தேங்கியிருப்பது புரதம் நிறைந்த நீர், நாளாக ஆக அங்கே நார்த்திசு வளர்ந்து விரலால் அழுத்தினால் குழியே விழாது. கிட்னியை எவ்வளவு விரட்டினாலும் இந்தக் காலுக்கு ஒன்றும் ஆகாது. இவருக்கு உங்கள் கையில் இருக்கிற மருந்து சோப்பும் தண்ணீரும்: தினமும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, காலைத் தூக்கி வைப்பது. சாதாரணமாகத் தெரிகிற இந்த வேலைதான் அடிக்கடி வருகிற காய்ச்சலையும் சிவப்பையும் குறைக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். படுத்தே கிடக்கிற நோயாளிக்குக் காலைப் பார்த்துவிட்டு 'வீக்கம் இல்லை' என்று எழுதாதீர்கள். தண்ணீருக்குப் பள்ளம்தான் தெரியும், திருப்பிப் படுக்க வைத்து இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள். அப்புறம் எடை. கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்துவிட்டிருக்கும், எடை மெஷின் அதை முன்பே சொல்லும், ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில் பாருங்கள். ஒரே ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது வேறு கதை, ரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவிவிட வருகிற உறவுக்காரரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: இதயப் பலவீனம் உள்ளவர் படுத்தால் மட்டும் மூச்சு முட்டுகிறது என்கிறாரே, நின்றால் ஏன் இல்லை?
– ஜிஎன்எம் மாணவி, விழுப்புரம்

பதில்: மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். நிற்கும்போது காலில் தேங்கியிருந்த ரத்தமும் நீரும், படுத்ததும் மார்புக்குத் திரும்புகிறது. நல்ல இதயம் என்றால் வந்ததை வாரி வெளியே அனுப்பிவிடும், இது முடியாமல் நுரையீரலில் தேங்கவிடுகிறது. புத்தகத்தில் 'எத்தனை தலையணை வைத்துத் தூங்குவீர்கள்' என்று கேட்கச் சொல்லியிருப்பார்கள், பாயில் படுக்கிறவரிடம் அதைக் கேட்டு என்ன பயன்? 'சுவத்துல சாஞ்சுதான் தூங்குறீங்களா, நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து வாசல்ல வந்து உக்காருவீங்களா' என்று கேளுங்கள். பதில் வரும்.

கேள்வி: சர்க்கரை 480 என்று ரிப்போர்ட், ஆனால் வகுப்பில் 'செல்கள் பட்டினி கிடக்கின்றன' என்கிறார்கள். அப்புறம் டிகேஏ (இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிற சர்க்கரை நோய் ஆபத்து) நோயாளிக்குப் பொட்டாசியம் 5.2 என்று அதிகமாக இருக்கும்போதே ட்ரிப்ஸில் பொட்டாசியம் சேர்த்தார்கள். எனக்குத் தலை சுற்றியது.
– மூன்றாம் ஆண்டு மாணவி, சேலம்

பதில்: தலை சுற்றத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே முடிச்சு.

ரேஷன் கடை கிடங்கு நிறைய அரிசி இருக்கிறது, கதவுச் சாவி இல்லை, வாசலில் கூட்டம் பசியோடு நிற்கிறது. இன்சுலின் சாவி. தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே எடுக்க அது வேண்டும். அது இல்லாதபோது கல்லீரல் என்ன நினைக்கிறது? உடம்பு சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சர்க்கரையைத் தயாரித்துக் கொட்டுகிறது. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டியதும் கிட்னியால் அத்தனையையும் திரும்ப எடுக்க முடியாமல் சிறுநீரில் விடுகிறது, சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். நிறைய சிறுநீர், அதனால் தாகம், செல்லுக்கு உணவு கிடைக்காததால் பசி, உள்ளதைக் கரைப்பதால் மெலிவு. நான்கு அறிகுறியும் ஒரே கயிற்றில் வந்துவிட்டது பாருங்கள்.

இன்சுலின் அறவே இல்லையென்றால் உடம்பு கொழுப்பை எரிக்கப் போகிறது, கல்லீரல் அதைக் கீட்டோனாக்குகிறது, கீட்டோன் அமிலம். அமிலத்தை வெளியேற்ற உடம்புக்கு உடனடியாகத் தெரிந்த வழி மூச்சு, கரியமில வாயுவாக ஊதித் தள்ளுவது. அதனால் ஆழமாக, இடைவிடாமல், ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கும். 1874-ல் குஸ்மால் என்கிற ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்தது இந்த மூச்சைத்தான். நுரையீரலில் ஒரு சத்தமும் இருக்காது. ஆக்சிஜன் அளவும் நன்றாகவே காட்டும். வயிற்று வலி, வாந்தி என்று வருகிற பதினேழு வயசுப் பிள்ளையை ஃபுட் பாய்சன் என்று உட்கார வைத்துவிடுவார்கள், பக்கத்தில் போனால் நகப் பூச்சு அழிக்கிற திரவ வாசனை வரும். எல்லோருடைய மூக்குக்கும் அது தெரியாது, ஆகவே வாசனை இல்லை என்று விட்டுவிடாமல் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இனி பொட்டாசியம். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது, ரத்தத்தில் நாம் அளப்பது வாசலில் நிற்கிற இரண்டு பேரை மட்டும். இன்சுலின் இல்லாததாலும் ரத்தம் கெட்டியாகி அமிலமானதாலும் செல்லுக்குள் இருந்தது வெளியே வந்து நிற்கிறது, அதையும் சிறுநீர் அடித்துக்கொண்டு போகிறது. ரத்தத்தில் 5.2, உள்ளே கிடங்கு காலி. நீங்கள் இன்சுலின் ஆரம்பித்த நிமிடம், வெளியே நின்றதெல்லாம் உள்ளே ஓடும், 5.2 என்பது சில மணி நேரத்தில் 3-க்குக் கீழே போகலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் சலைன் முதலில், பொட்டாசியம் ரிப்போர்ட் பார்த்த பிறகு இன்சுலின். ரிப்போர்ட்டிலேயே 3.5-க்குக் குறைவு என்றால் பொட்டாசியத்தை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலினைத் தொடுவார்கள். பொட்டாசியம் சேர்ப்பதற்கு முன் சிறுநீர் வருகிறதா என்று கேட்பார்கள், யூரின் பேக்கைப் பார்த்துப் பதில் சொல்லப்போவது நீங்கள். இன்னொன்றை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை நேராக நரம்பில் ஏற்றக் கூடாது, ஒருபோதும். ட்ரிப்ஸில் கலந்து, பாட்டிலைக் குலுக்கி, மெதுவாக.

கேள்வி: டெங்குவில் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகலாம் என்று அப்பாக்கள் சண்டை போடுகிறார்கள். பிளேட்லெட் 60 ஆயிரம் இருக்கிற பையனை விட, 90 ஆயிரம் இருக்கிற பெண்ணைத்தான் டாக்டர் அதிக கவனமாகப் பார்க்கச் சொன்னார். பிளேட்லெட்தானே முக்கியம்?
– நான்காம் ஆண்டு மாணவி, மதுரை

பதில்: உங்கள் டாக்டர் சரியாகச் சொன்னார். மழைக்காலம் வந்தால் ஊரே பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்கிறது, நாமும் அதில் மயங்கிவிடுகிறோம்.

டெங்குவில் பலரைச் சாய்ப்பது ரத்தக்கசிவை விட ரத்தநாளக் கசிவு. முன்னே சொன்ன சொட்டுநீர்க் குழாய் ஞாபகம் இருக்கிறதா, அதன் உட்பூச்சை வைரஸின் புரதமும் நம் எதிர்ப்பு சக்தியின் ஆவேசமும் சேர்ந்து உரித்துவிடுகின்றன. ரத்த அணுக்கள் உள்ளேயே நிற்க, பிளாஸ்மா மட்டும் வயிற்றிலும் நெஞ்சிலும் இறங்குகிறது. இது நடப்பது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில், 24 முதல் 48 மணி நேரம். குழந்தை நெற்றி குளிர்ந்தது என்று வீட்டில் நிம்மதியாகிற அதே நேரம்.

கண்டுபிடிப்பது எப்படி? சாம்பார் வற்றினால் கெட்டியாவது போலத்தான், பிளாஸ்மா வெளியேறினால் மிச்ச ரத்தம் கெட்டிப்படும், பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், ஏறும். அந்தப் பெண்ணுக்கு வந்த அன்று 36, இன்று 44 என்றால் 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, கசிகிறது என்று அர்த்தம், பிளேட்லெட் எத்தனை இருந்தாலும் சரி. பையனுக்கு பிசிவி அசையவில்லை, சாப்பிடுகிறான், சிறுநீர் போகிறது என்றால் அவன் பரவாயில்லை.

அடுத்து பிபி. 110/90 என்று எழுதிவிட்டு 'நார்மல்' என்று நகர்ந்துவிடுவார்கள். இரண்டுக்கும் இடைவெளி 20-தான். ரத்தம் குறையும்போது உடம்பு கைகால் ரத்தக் குழாய்களை இறுக்கிக் கீழ் அளவைத் தூக்கிப் பிடிக்கிறது, மேல் அளவு கடைசி வரைக்கும் நன்றாகவே நடிக்கும். குழந்தை பேசிக்கொண்டிருக்கும், போன் கூடப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளங்காலைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆகும், நாடி வேகம். அந்த இடத்திலேயே டாக்டரைக் கூப்பிட்டால் காப்பாற்றலாம். மேல் அளவு விழுகிற வரை காத்திருந்தால் கை நழுவிவிடும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து தூங்கி வழிவது, இதெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்களா என்றும் கேட்டு எழுதிவையுங்கள், திட்டுவதற்காக இல்லை, அதைக் குடித்து வாந்தி எடுத்தால் அது எந்த வாந்தி என்று நமக்கே குழப்பம்.

பிறகு வருகிற ஆபத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டு நாள் கழித்து ஓட்டை அடைந்ததும் வெளியே போன நீர் தானே ரத்தத்துக்குத் திரும்புகிறது. அப்போதும் பழைய வேகத்திலேயே ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். சிறுநீர் தாராளமாகப் போக ஆரம்பித்து, பசி எடுத்து, தோலில் சிவப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டாகத் தெரிய ஆரம்பித்தால், 'ட்ரிப்ஸைக் குறைக்கலாமா டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி: வீஸிங் வந்த தாத்தாவுக்கு ஆக்சிஜன் 85. மாஸ்க்கில் 10 லிட்டர் வைத்தேன், 98 ஆனது, சந்தோஷப்பட்டேன். சீனியர் வந்து திட்டிக் குறைத்துவிட்டார். ஆக்சிஜன் எப்படி விஷமாகும்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தாத்தாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்திருக்கும். அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92. நாள்பட்ட நோயில் நுரையீரலின் கெட்ட பகுதிகளுக்கு ரத்தம் போகாதபடி உடம்பே அங்கே குழாய்களைச் சுருக்கி, நல்ல பகுதிக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. நீங்கள் ஆக்சிஜனைக் கொட்டியதும் அந்தக் கெட்ட பகுதியின் குழாயும் திறந்துகொள்கிறது, ரத்தம் அங்கே போய் கரியமில வாயுவைக் கழிக்காமலே திரும்புகிறது. ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு தன்னிடம் இருந்த கரியமில வாயுவை இறக்கிவிடுகிறது. மூச்சு விடும் உந்துதல் குறைவதும் உண்டு, ஆனால் புத்தகத்தில் அதை மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள், அதன் பங்கு சிறியது. மொத்தத்தில் கரியமில வாயு ஏறித் தாத்தா அமைதியாகத் தூங்க ஆரம்பிப்பார், கை வெதுவெதுப்பாக, நாடி துள்ளிக்கொண்டு, நீட்டிய கை படபடவென்று அடித்துக்கொள்ளும். 'இப்பத்தான் நல்லா தூங்குறாரு சிஸ்டர்' என்று பாட்டி சொன்னால் எழுப்பிப் பாருங்கள். நெபுலைசரையும் முடிந்தால் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் காற்றில் ஓட்டுங்கள்.

இதைப் படித்துவிட்டு 80-ல் இருப்பவருக்கு ஆக்சிஜன் தராமல் நிற்காதீர்கள், அது அதைவிடப் பெரிய தப்பு. அளந்து கொடுங்கள், வெண்டுரி மாஸ்க் இருப்பதே அதற்காக. பீடியே தொடாத பாட்டிகளுக்கும் இது வரும், விறகடுப்புப் புகையில் முப்பது நாற்பது வருடம் ஊதாங்குழலோடு உட்கார்ந்தவர்கள். அவர்கள் உதட்டைக் குவித்து, விளக்கை ஊதி அணைப்பது போல மெதுவாக மூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறார்கள். தொளதொளத்துப்போன காற்றுக் குழாய்கள் மூச்சை விடும்போது மடங்கி அடைத்துக்கொள்ளாமல் அந்த எதிரழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது.

கேள்வி: ரத்தசோகை நோயாளிக்கு ஹீமோகுளோபின் 5. நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆனால் விரலில் மாட்டிய கருவி 98 காட்டுகிறது. கருவி பழுதா?
– இரண்டாம் ஆண்டு மாணவி, ராமநாதபுரம்

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. இருக்கிற லாரிகளில் எத்தனை சதவீதம் சுமை ஏற்றியிருக்கிறது என்று மட்டும் அது சொல்லும், மொத்தம் எத்தனை லாரி என்று சொல்லாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் என்றால் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி, 5 கிராம் என்றால் 6.7 மில்லிதான், இரண்டிலும் கருவி 98 காட்டும். குறைந்த லாரிகளை வைத்து இரட்டை நடை அடிக்க வேண்டியிருப்பதால் இதயம் ஓடுகிறது. இவர்களுக்கு உதடு நீலமாகவும் ஆகாது, நீலம் தெரியவே ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் 5 கிராம் வேண்டும், அவரிடம் மொத்தமே அவ்வளவுதான். நிறத்தை நம்பாதீர்கள்.

பல வருடம் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா 4.8 ஹீமோகுளோபினோடு எங்கள் வார்டுக்கு நடந்தே வந்தார். பச்சரிசி மென்றுகொண்டே இருந்தார், இரும்புச்சத்துக் குறைவில் அரிசி, மண், சாம்பல் தின்னத் தோன்றும். ரத்தம் ஏற்றும்போது அவசரப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்குக் காரணம், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிற இதயத்தில் ஒரு பாட்டிலை வேகமாக ஓட்டினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மெதுவாக, பாதியில் நின்று நாடியும் மூச்சும் பார்த்து ஏற்றினோம். மாத்திரையை டீயோடு போடாதீங்க, எலுமிச்சம்பழச் சாறோடு போடுங்க என்று சொல்லி அனுப்பினோம்.

கேள்வி: கிட்னி நோயாளிக்கு இளநீர் தரலாமா என்று உறவினர் கேட்டார். குளிர்ச்சிதானே என்று சொல்லிவிட்டேன்.
– ஜிஎன்எம் மாணவி, புதுக்கோட்டை

பதில்: உடனே போய் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓர் இளநீரில் ஏறக்குறைய 500, 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும், அதை வெளியேற்றுகிற ஆள் இவருக்கு வேலை நிறுத்தத்தில் இருக்கிறார். பொட்டாசியம் ஏறினால் முன்கூட்டி வலியோ காய்ச்சலோ வராது, இதயம் நேராக நின்றுவிடும். 'பிபிக்கு நல்லது' என்று கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பும் ஆகாது, அதில் சோடியத்துக்குப் பதிலாகப் போட்டிருப்பது பொட்டாசியம். கிட்னி சிறுநீர் பிரிப்பதோடு நிற்காமல் எரித்ரோபாய்டின் சுரந்து ரத்த அணுக்களை உற்பத்தி செய்யச் சொல்கிறது, வைட்டமின் டி-யை வேலை செய்கிற வடிவத்துக்கு மாற்றுகிறது, இன்சுலினையும் கரைத்து வெளியேற்றுகிறது. அது ஓய்ந்தால் ரத்தசோகை, எலும்பு வலி எல்லாம் வருவது அதனால்தான். கடைசியாகச் சொன்ன இன்சுலினை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: லோ சுகர் வந்தால் வேர்வை, நடுக்கம் வரும் என்று படித்தேன். எங்கள் வார்டில் ஒருவருக்கு எதுவும் வராமல் நேராக உளற ஆரம்பித்தார். ஏன்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், கன்னியாகுமரி

பதில்: வேர்வையும் நடுக்கமும் படபடப்பும் சர்க்கரை குறைந்ததால் நேரடியாக வருவதில்லை. குறைந்ததைப் பார்த்து உடம்பு அட்ரினலினை விட்டு அலாரம் அடிக்கிறது. உளறல், சண்டை, மயக்கம் இதெல்லாம் மூளை பட்டினி கிடப்பது. எடையில் 2 சதவீதமே இருக்கிற மூளை உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது, சேமிப்பும் இல்லை. பல வருடச் சர்க்கரை நோயில், அடிக்கடி லோ ஆகி ஆகி, அலாரம் அடிப்பதே நின்றுவிடும். பிபிக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிவிடும், வேர்வை மட்டும் பெரும்பாலும் மிஞ்சும், ஏனென்றால் வேர்வைச் சுரப்பிக்குப் போகிற நரம்பு வேறு ரசாயனத்தில் வேலை செய்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன சமயம், ஒரு நைட் டியூட்டி. கிட்னியும் கொஞ்சம் பழுதாகியிருந்த ஒரு பெரியவர், சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு மாத்திரை, பிபிக்கு பீட்டா பிளாக்கர். விடியற்காலை நாலு மணிக்குத் தலையணை நனைந்திருந்தது, ஃபேன் ஓடவில்லை, புழுக்கம் என்று நான் நினைத்துக்கொண்டு ஃபேனைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன். ஐந்தரைக்கு அவர் என்னைத் தன் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். சர்க்கரை 38.

நினைவு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று ஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்பில். அவருக்கு அப்படித்தான் ஏற்றினோம், டெக்ஸ்ட்ரோஸ் முடிவதற்குள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார், 140 காட்டியது, எனக்கும் உயிர் வந்தது. ஆனால் மாத்திரையால் வந்த லோ சுகர் ஒருமுறை ஏற்றினால் தீராது. கழிக்க வேண்டிய கிட்னி கழிக்காததால் மாத்திரை உடம்பிலேயே நின்று இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சுரந்த இன்சுலினும் சீக்கிரம் கரையாது, ஒரு நாள் முழுக்கக்கூட விடாமல் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்கு மறுபடி 50-க்கு இறங்கியது ஏழரை மணிக்கு, நான் டியூட்டியை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது. 'பெட் 11, லோ சுகர், சரியாயிடுச்சு' என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.